கல்லாவுக்கு டஃபன்ட் கண்ணாடி போதுமா?

கேள்வி: சென்னைத் தங்கசாலைத் தெருவில் அடகுக்கடை. கல்லாவுக்கு 12 மி.மீ. டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி, கீழே 19 மி.மீ. பிளைவுட். உள்ளே 3 மி.மீ. எம்.எஸ். ஷீட் அடித்தால் துப்பாக்கிக் குண்டு தாங்கும் என்கிறார் பட்டறைக்காரர். சுட்டுப் பார்த்து முடிவு செய்யலாமா?

பதில்: இந்த மூன்றில் எதையும் நம்பிக் கல்லாவில் ஆளை உட்கார வைக்காதீர்கள். டஃபன்ட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு அடி தாங்கும்தான். ஆனால் ஓர் இடத்தில் குண்டு துளைத்தாலே உள்ளிறுக்கம் விடுபட்டு முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அடுத்த குண்டைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது. பிளைவுட்டையும் பீரோ தகட்டையும் பிஸ்டல் குண்டே துளைக்கும். எம்.எஸ். மென்மையான இரும்பு, 3 மி.மீ. கனத்தில் வேகமான 9 மி.மீ. குண்டுக்கு நம்ப முடியாது, ரைஃபிளுக்கு நிற்கவே நிற்காது. குண்டு தாங்கவே செய்யும் கவசத் தகட்டின் கடினம், பிரினெல் என்ற கடின அளவில், ஏறக்குறைய 500, எம்.எஸ்.ஸைப் போல நான்கு மடங்கு. அதையும் கேஸ் கட்டிங்கில் வெட்டினால் சூடுபட்ட ஓரம் இளகிப்போகும். பழைய கட்டடமென்றால், பிஸ்டலுக்கு உங்கள் ஒன்பது இஞ்சு செங்கல் சுவரே மேல்.

நீங்களே சுடுவது வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி குற்றமாகிவிடும். தெறிக்கும் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குண்டு நின்றதால் எதுவும் உறுதியாவதுமில்லை. குண்டு தாங்கும் கண்ணாடிக்கான ஈஎன் 1063 என்ற ஐரோப்பியத் தரத்தில் பிஆர்2 நிலைக்கு 8 கிராம் 9 மி.மீ. குண்டை, வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் தூரத்திலிருந்து, 120 மி.மீ. இடைவெளியில் முக்கோணமாக மூன்று முறை சுடுகிறார்கள். பின்னால் மெல்லிய அலுமினியத் தாள் கட்டியிருக்கும். அது கிழியாவிட்டால் 'என்எஸ்', சில்லு பட்டுக் கிழிந்தால் 'எஸ்'. கல்லாவில் ஆள் முகம் கண்ணாடிக்கு அருகிலேயே இருக்கும். அதனால் குண்டு தாங்கும் கண்ணாடியை 'என்எஸ்' சான்று கேட்டு வாங்குங்கள். சான்றிலுள்ள கனமும் வந்திறங்கும் கண்ணாடியின் கனமும் ஒன்றா என்று அளந்து பாருங்கள்.

மாட்டும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது. கண்ணாடியோடு ஒட்டிய பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) அடுக்கு உங்கள் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் சில்லு உள்ளே தெறிக்கும். கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 22 மி.மீ. முழுக் கண்ணாடியென்றால் 55 கிலோ, அலுமினிய ஃபிரேம் அதைத் தாங்கினாலும் குண்டைத் தாங்காது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், நடுநிலை சிலிக்கான் கேளுங்கள். முன்னது அடுக்குகளை ஒட்டியிருக்கும் படலத்தை அரிக்கும். கடற்கரை ஈரம் ஓரத்தில் இறங்கினால் அடுக்கு பிரிந்து பால்போல் வெளுக்கும். தின்னர், அசிட்டோன் வைத்து உட்புறத்தைத் துடைத்தால் பாலிகார்பனேட் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

பணம் தள்ளும் இடுக்கை நேராக விடாமல், மேஜைக்குள் இறங்கி ஏறும் பள்ளத் தட்டாகச் செய்யச் சொல்லுங்கள். தட்டின் அடியிலும் கவசத் தகடு வர வேண்டும்.