ஏர்சாஃப்டை அதிகாரபூர்வமான சுடும் போட்டியாக அங்கீகரிக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: ஏர்சாஃப்ட் வெறும் பொழுதுபோக்கா, இல்லை, மற்றத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு இருக்கிற அங்கீகாரம் இதற்கும் கிடைக்க வேண்டுமா?

ஏர்சாஃப்டில் இரண்டு பாதி உண்டு: இலக்கைச் சுடும் போட்டி, ஒருவரையொருவர் சுட்டு ஆடும் ஆட்டம். முதல் பாதிக்குக் கிடைக்க வேண்டும். மற்றப் பாதிக்கு அது தேவையே இல்லை. கொடுத்தால் அந்தப் பாதி கெட்டுப்போகும் என்றுகூடச் சொல்வேன்.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், இரண்டு பாதியையும் விளையாடுகிறவன். அதனால் கனடாவை வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் நாட்டில் சட்டம் வேறாக இருக்கும்.

முதலில் தெரியாதவர்களுக்கு. ஏர்சாஃப்ட் 1970களில் ஜப்பானில் பிறந்தது. அங்கே சாதாரண ஆள் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் துவக்கு மோகம் எல்லா ஊரிலும் உண்டு. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், உள்ளே 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, அதைக் காற்றோ வாயுவோ தள்ளும். அந்தக் குண்டை பிபி என்போம். வழக்கமான ஒன்றின் எடை 0.20 கிராம். தோலில் பட்டால் சுள்ளென்று இருக்கும், சிவக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இவ்வளவுதான் பொருள். இதை வைத்து என்ன விளையாடுகிறோம் என்பதில்தான் இரண்டு பாதி வருகிறது.

பெரும்பாலானோர் ஏர்சாஃப்ட் என்று சொல்வது காட்டுக்குள் அணி பிரிந்து ஆடுவதை. வாசலில் குரோனோ என்கிற வேகமானியில் ஒவ்வொரு துவக்கையும் சுட்டுப் பார்ப்பார்கள். கண் பாதுகாப்பு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் கொடி பிடிப்பது, ஒரு கட்டடத்தைக் காப்பது என்று நாள் முழுக்க ஓட்டம். பட்டால் ‘ஹிட்’ என்று கத்தி, கையைத் தூக்கி, சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நடக்க வேண்டும்.

பட்டதா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? பட்டவர்தான். பெயின்ட்பாலில் சாயம் காட்டிக்கொடுக்கும். பிபி எந்த அடையாளமும் விடாது. தடித்த ஜாக்கெட்டின் மேல், தூரத்திலிருந்து வேகம் குறைந்து வந்து பட்டால் உண்மையாகவே தெரியாமலும் போகும். ஆக, அம்பயர் இல்லாமல் ஒழுங்கையில் ஆடும் கிரிக்கெட் மாதிரித்தான் இது. தானாக வெளியே போகிறவர்கள் இருக்கும்வரை நன்றாக நடக்கும். இதற்குத் தரவரிசையும் பதக்கமும் வைத்துப் பாருங்கள். நேர்மையாக ‘ஹிட்’ சொல்கிறவன் தோற்பான், கல்லுளிமங்கன் மாதிரி நிற்கிறவன் ஜெயிப்பான். அதைத் தடுக்க மரத்துக்கு மரம் நடுவர் வைக்க வேண்டும், உடலில் உணர்கருவி கட்ட வேண்டும். அதெல்லாம் வந்த பிறகு அது வேறு விளையாட்டு. எனக்கு அதில் பிடித்ததே யாரும் பார்க்காதபோதும் ஒருவர் கையைத் தூக்குவதுதான். அதை அப்படியே விடுங்கள்.

சரி, அங்கீகாரம் வேண்டும் என்று நான் சொன்ன பாதி. அதன் பெயர் ஆக்‌ஷன் ஏர். ஐபிஎஸ்சி என்கிற பன்னாட்டு நடைமுறைச் சுடும் சம்மேளனம் 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. அசல் கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் போட்டிகளை நடத்தும் அமைப்பு அது. அதே விதிப்புத்தகத்தின் சாயலில் ஏர்சாஃப்ட் பிஸ்டலுக்கு ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் சுடுவதில்லை. காகித இலக்குகளும் சின்ன இரும்புத் தட்டுகளும்தான்.

டைமர் பீப் அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, ஓடி, வளைந்து, தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, எல்லா இலக்கையும் சுட்டு முடிக்க வேண்டும். காகிதத்தில் நடு வலயம், அடுத்த வலயம், ஓரம் என்று புள்ளி குறையும். எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கணக்கு. அவசரப்பட்டால் புள்ளி போகும், நிதானித்தால் நேரம் போகும். ஓட்டை காகிதத்தில் இருக்கிறது, நேரம் டைமரில் இருக்கிறது. வாதத்துக்கு இடமே இல்லை.

பாதுகாப்பு விதிகள் இதை விடக் கடுமை. பிஸ்டல் முனை உங்களுக்குப் பின்பக்கம் திரும்பினால் அன்றைய போட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஓடும்போது விரல் விசையில் இருந்தாலும், பிஸ்டல் கைநழுவி விழுந்தாலும் அப்படித்தான். பிளாஸ்டிக் குண்டுதானே என்ற சலுகை கிடையாது.

இதன் முதல் உலகப் போட்டி 2018இல் ஹொங்கொங்கில் நடந்தது. ஊர்த் தேர்வு தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே அசல் துப்பாக்கி வைத்திருப்பது மிகக் கடினம். ஆனால் 2 ஜூலுக்கு மேல் போகாத காற்றுத் துப்பாக்கியைச் சட்டம் சுடுகலனாகப் பார்ப்பதில்லை. எட்டாத ஒன்றைக் கையில் உள்ளதை வைத்துப் பழகியவர்கள் நிறையப் பேர் உருவாகிவிட்டார்கள். ஜப்பானிலும் இதே கதைதான். அங்கே ஏர்சாஃப்டில் பழகிய தட்சுயா சகாய் 2004இல் கலிஃபோர்னியா போய், ஸ்டீல் சேலஞ்ச் என்ற வேகச் சுடும் போட்டியில் அசல் பிஸ்டலோடு அமெரிக்கர்களை வென்றார். ‘பொம்மை’ என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் எடுத்துப் போடுவது இந்தப் பெயரைத்தான்.

அந்தப் ‘பொம்மை’ வாதத்தை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். ஒலிம்பிக்கில் 1984 முதல் 10 மீட்டர் காற்று ரைஃபிள் இருக்கிறது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது அதில்தான். அதுவும் வெடிமருந்து இல்லாதது, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானில் காற்றுப் பிஸ்டலையும் எடுத்துவிட்டு, 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து லேசர் பிஸ்டல் வைத்துவிட்டார்கள். குண்டே இல்லை, வெளிச்சம்தான். அதற்குப் பதக்கம் உண்டு. ஆக, குண்டின் பலத்தை வைத்து எது விளையாட்டு என்று யாரும் இப்போது அளப்பதில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். துல்லியம் என்று வந்தால் ஏர்சாஃப்ட் பக்கத்திலும் நிற்காது. 10 மீட்டர் காற்று ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஏர்சாஃப்டில் ஹாப்-அப் என்ற ரப்பர் துண்டு பிபியைப் பின்சுழல வைத்து மிதக்கவிட்டுத்தான் தூரம் கொடுக்கிறது. உருண்டைக் குண்டு, மெல்லிய எடை, ஒரு காற்று வீசினால் விலகிப் போகும். வாயு பிஸ்டலுக்கு இன்னொரு நோய்: தொடர்ந்து சுட்டால் மகசீன் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, கடைசிக் குண்டுகள் தளர்ந்துபோகும். கனடியக் குளிரில் வெளியே கொண்டுபோனால் முதல் குண்டிலேயே அந்தக் கதிதான். அதனால் காற்று ரைஃபிளுக்கு மாற்றாக இதை யாரும் முன்வைக்கக் கூடாது. கிட்டத்தில் வைத்த இலக்கு, வேகம், கால் அசைவு, கை லாவகம், இதில்தான் இதன் திறமை இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் முழுமையான போட்டி.

இனி அங்கீகாரம். பதக்கத்தை விட இது சட்டத்தில் பெரிய வித்தியாசம் செய்யும் என்பதைக் கனடா எனக்குக் காட்டிக்கொடுத்தது.

2022 ஒக்ரோபரில் இங்கே கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் நாடு முழுக்க முடக்கினார்கள். சில விலக்குகள் வைத்தார்கள். அதில் ஒன்று, ஒலிம்பிக் அல்லது பாராலிம்பிக் பட்டியலில் உள்ள கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் பயிற்சி எடுப்பவர்களுக்கும் போட்டியிடுபவர்களுக்கும் பயிற்சி கொடுப்பவர்களுக்கும். ஐபிஎஸ்சி அந்தப் பட்டியலில் இல்லை. பல்லாண்டுகளாக உலகப் போட்டிகளுக்குப் போய்வந்த விளையாட்டு அது. ஆனாலும் ஏற்கெனவே வைத்திருப்பவர் சுடலாம், புதிதாக ஒரு பொடியன் வந்தால் அவனுக்கு வாங்க வழி இல்லை. ஆட்கள் மூப்படைய விளையாட்டும் கூடவே மூப்படையும். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு எது விளையாட்டு என்று தீர்மானிக்க ஒரே ஒரு அளவுகோல் இருந்தது, அது ஒலிம்பிக் பட்டியல்.

அந்த முடக்கத்தைச் சட்டமாக்க வந்த சி-21 என்ற சட்டமூலத்தில் ஏர்சாஃப்டும் மாட்டியது. அசல் போலத் தோன்றும் காற்றுத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் பிரிவு ஒன்று இருந்தது. வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், விற்கவோ கொடுக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது என்பது ஏற்பாடு. 2023இல் நாடாளுமன்றக் குழுவில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், டிசம்பரில் மீதிச் சட்டம் நிறைவேறியது. தப்பிவிட்டோம். குழுவில் வாக்கு மாறியிருந்தால் தப்பியிருக்க மாட்டோம். அசல் கைத்துப்பாக்கியின் கதவு மூடிய நாட்டில் நடைமுறைச் சுடுதலுக்குப் புது ஆள் வரக்கூடிய வழி ஆக்‌ஷன் ஏர்தான், அதையும் அன்றைக்கே மூடப் பார்த்தார்கள்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். இங்கே நொடிக்கு 366 அடிக்குக் குறைந்த வேகத்தில் சுடும், அசலை அப்படியே ஒத்த துவக்கு ‘போலி’ என்ற வகையில் தடைசெய்யப்பட்டது. அதற்கு மேல், 500 அடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. பலம் குறைந்தது குற்றம், கூடியது சரி! ஜப்பானியச் சட்ட வரம்பு 0.98 ஜூல், அதாவது 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு ஏறக்குறைய 325 அடி. உலகப் போட்டிகளில் பலர் கையில் இருக்கும் ஜப்பானிய பிஸ்டலை அப்படியே இங்கே இறக்கினால் சுங்கத்தில் சிக்கும். இதை ஒரு விளையாட்டாகப் பார்த்து எழுதிய சட்டமாக இருந்தால் இந்த வரம்பு தலைகீழாக இருந்திருக்கும்.

தடை வேண்டும் என்றவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தூரத்தில் நிற்கும் பொலிஸ்காரருக்கு எது அசல், எது பிளாஸ்டிக் என்று தெரியாது. தமிழ்ப் பொடியன் ஒருவன் ஸ்காபரோவில் கார் சீட்டில் கறுப்புப் பிஸ்டலைப் போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான். பூட்டிய பையில், பின் டிக்கியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் அம்மா யாழ்ப்பாணத்தில் அசல் துவக்குகளைப் போதுமான அளவு பார்த்துவிட்டு வந்தவ. “உதைக் கொண்டுபோய் கராஜில வை, என்ர கண்ணில காட்டாத” என்பா. நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலை வேறு மாதிரிக் கையாண்டார்கள். அசல் போன்ற போலித் துப்பாக்கிகளின் விற்பனையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் காப்புறுதி எடுத்த மைதானங்களில் ஏர்சாஃப்ட் ஆடுபவர்களுக்கு விலக்கு உண்டு. பதிவு செய்து ஆடுபவர் என்று காட்டினால் கடையில் வாங்கலாம். அங்கே சட்டம் அங்கீகரித்தது நான் மேலே ‘தேவையில்லை’ என்று சொன்ன அந்தக் காட்டு விளையாட்டைத்தான்! எனக்கு இதில் முரண் தெரியவில்லை. ஒரு விளையாட்டை நிம்மதியாக விளையாடவிடச் சட்டத்தில் ஒரு வரி போதும். தேசிய அணி, தரவரிசை, அரசுப் பணம் என்று போவதற்கு, யார் வென்றார் என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய முறை வேண்டும். முதலாவது இரண்டு பாதிக்கும் வேண்டும். இரண்டாவது ஆக்‌ஷன் ஏருக்கு மட்டும்.

ஒலிம்பிக்? நடக்காது, அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். ஒலிம்பிக் சுடும் போட்டிகளை நடத்துவது ஐஎஸ்எஸ்எஃப் என்ற வேறு சம்மேளனம். ஐபிஎஸ்சியின் அசல் துப்பாக்கிப் போட்டிகளே அங்கே நுழையவில்லை. அதன் பழைய காகித இலக்குக்குத் தலை போல ஒரு பகுதி இருக்கும். மனித உருவம் போல் தெரிகிறதே என்ற பேச்சுக்காகத் தலையில்லாத இன்னொரு இலக்கையும் வைத்திருக்கிறார்கள். அந்த நெருடல் சீக்கிரம் போகாது.

நான் கேட்பது சின்ன விஷயம். விலக்குப் பட்டியல் எழுதும்போது ஒலிம்பிக்கோடு நிறுத்தாமல், பன்னாட்டு விதிப்புத்தகமும் உலகப் போட்டியும் உள்ள சுடும் பிரிவுகளையும் சேர்க்க வேண்டும். வேகத்தை அடிக்கணக்கில் அளப்பதை விட்டு ஜூலில் அளக்க வேண்டும், ஏனென்றால் இலேசான குண்டில் சோதனை காட்டிவிட்டுக் கனமான குண்டைப் போட்டால் சில துவக்குகளில் பலம் கூடும். போட்டிப் பிஸ்டல் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்போதே பலர் ஊதா, பச்சை என்று வைத்திருக்கிறார்கள். பளிச்சென்ற நிறம் கட்டாயம் என்று விதி வந்தால் முதல் ஆளாக என்னுடையதை மாற்றுவேன். அம்மாவும் ஒருவேளை வீட்டுக்குள் விடுவா.