துருவத்துத் தரை இளகுகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உறைநிலம் என்றால் பனி மூடிய நிலமா?

இல்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் மண்ணும் பாறையும் உறைநிலம். மேலே பனி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கோடையில் மேலடுக்கு மட்டும் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். உள்ளே எவ்வளவு பனிக்கட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து. வெறும் பாறை என்றால் கவலையில்லை. சைபீரியாவின் யெடோமா மண்ணிலோ கொள்ளளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டிதான். அது உருகினால் தரை உள்வாங்கிவிடும். சைபீரியாவிலுள்ள யகூட்டியாவின் படகாய் பள்ளம் அப்படி உண்டானது. காட்டை வெட்டியதால் நிழல் போய்ச் சரியத் தொடங்கிய இடம், இன்று சுமார் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது.

கேள்வி: யகூட்டியாவின் தலைநகரான யகூட்ஸ்கில் கட்டடங்களைத் தூண்கள் மேல் நிறுத்துவது ஏன்? அப்படியும் விரிசல் விடுகிறதே?

வீட்டுச் சூடு மண்ணில் இறங்கக் கூடாது என்பதற்காக. உறைநிலத்துக்குள் தூண்களை ஆழமாக இறக்கி, தளத்துக்கும் தரைக்கும் நடுவே காற்றோட்டமான இடைவெளி விடுவார்கள். குளிர்காற்று அதில் புகுந்து மண்ணை இறுக வைக்கும். அந்த இடைவெளியில் பனியோ குப்பையோ சேர்ந்து அடைத்தால் வேலை கெட்டது. அடியில் ஓடும் சுடுநீர்க் குழாய் கசிந்தால் இன்னும் மோசம். எல்லாப் பழியையும் வானிலைமேல் போட முடியாது. பராமரிப்புக் குறைபாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் தூணைப் பிடித்து வைப்பதே உறைந்த மண்தான். அது மைனஸ் 3 டிகிரியிலிருந்து மைனஸ் 1க்கு வந்தாலே, உருகாமலேயே பிடி தளர்ந்துவிடும்.

மண்ணை உறைந்தே வைக்க இன்னொரு வழியும் உண்டு. அலாஸ்காவின் 1,288 கி.மீ. எண்ணெய்க் குழாய் பாதிக்கு மேல் தரைக்கு மேலே ஓடுகிறது. அதன் தாங்கு தூண்கள் பலவற்றில் அம்மோனியா அடைத்த வெப்பக் குழாய்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அடியில் இருக்கும் அம்மோனியா மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலேறும்; உச்சியிலுள்ள உலோகத் தகடுகளில் குளிர்ந்து, திரவமாகித் திரும்ப வழியும். மின்சாரமே வேண்டாம். கோடையில் மேல்பக்கம் சூடாக இருப்பதால் தானாகவே நின்றுவிடும். குறை ஒன்றுதான்: குளிர்காலம் இதமாகிவிட்டால் மண் போதிய அளவு குளிராது.

கேள்வி: வெயில் கூடினால் புல் வளரும், ரெயின்டீர் மான்களுக்கு நல்லதுதானே?

கோடையில் சரி. அவற்றைக் கொல்வது குளிர்கால மழை. குளிர்காலத்தில் அவை பெரிதும் நம்பியிருப்பது லைக்கனை. நம் மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பொலபொலப்பான பனியை மான் குளம்பால் தோண்டித் தின்றுவிடும். பனிமேல் மழை பெய்து உறைந்தால் தரைக்கு மேல் கெட்டிப் பனிக்கட்டி ஓடு விழும். குளம்பு அதில் சறுக்கும். தீனி அடியிலேயே கிடக்கும். 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் இப்படி நடந்து, சுமார் 61,000 மான்கள் பட்டினியில் மடிந்தன. நெனெட்ஸ் மேய்ப்பர்களுக்கு உணவு, உடை, வண்டி இழுப்பு எல்லாமே அந்த மான்கள்தான். மந்தையை வேறு பக்கம் ஓட்டலாம் என்றால், எரிவாயுக் குழாய்களும் ரயில் பாதையும் குறுக்கே நிற்கின்றன. ஸ்காண்டிநேவியாவின் சாமி (Sámi) இன மேய்ப்பர்கள் வாங்கிய தீவனத்தைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். செலவு அதிகம், பட்டியில் கூட்டமாகத் தின்பதால் நோயும் பரவும்.

கேள்வி: வெப்பம் கூடி அங்கே புதர் மண்டினால் காற்றில் கரியமிலவாயு குறையுமே?

கொஞ்சம் குறையும். ஆனால் கருநிறப் புதர் வெயிலை இழுக்கும். குளிர்காலப் பனியைத் தடுத்துக் குவிக்கும். அந்தப் பனி கம்பளியாகி மண்ணைக் குளிரவிடாது. புதரைத் தேடி, ஓடைகளில் அணை கட்டும் விலங்கான பீவர்களும் வந்துவிட்டன. மேற்கு அலாஸ்காவின் தூந்திரத்தில் (மரமற்ற துருவச் சமவெளியில்) 11,000க்கும் மேற்பட்ட பீவர் குளங்களைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. தேங்கிய தண்ணீர் அடியிலுள்ள உறைநிலத்தை இன்னும் இளக்கும்.

கேள்வி: உறைநிலம் இளகினால் ‘மீத்தேன் குண்டு’ வெடிக்கும் என்று செய்திகள் சொல்கின்றனவே, உண்மையா?

தலைப்புச் செய்தி மிகை. உறைநிலத்தில் வளிமண்டலத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய இருமடங்கு கார்பன் இருப்பது உண்மை. அது ஒரே நாளில் வெடிக்காது. பல பத்தாண்டுகளாகக் கசியும். உலர்ந்த மண்ணிலிருந்து பெரும்பாலும் கரியமிலவாயு. தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து மீத்தேன்.

கேள்வி: யமாலில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய் மறுபடி வந்தது எப்படி?

அதன் நுண்வித்து உறைந்த மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். 2016 கோடையின் கடும் வெப்பத்துக்குப் பின் யமாலில் 2,000க்கும் மேற்பட்ட மான்களும் ஒரு சிறுவனும் பலி. அங்கே மான்களுக்குப் போட்டுவந்த தடுப்பூசியை 2007இலேயே நிறுத்தியிருந்தார்கள். பிறகு திரும்பத் தொடங்கினார்கள்.

கேள்வி: ஊரையே மாற்ற முடியுமா?

முடியும், மெதுவாக. அலாஸ்காவில் யூபிக் மக்களின் நியூடோக் கிராமத்தை நிங்லிக் ஆறு அரித்தது. எரிமலைப் பாறைமேல் அமைந்த மெர்டார்விக்கை மாற்றிடமாக 1990களிலேயே யோசித்தார்கள். முதல் குடும்பங்கள் குடியேறியது 2019இல். வெள்ளம், நிலநடுக்கம் போல ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரெனத் தாக்கும் பேரிடருக்கே அமெரிக்க நிவாரணச் சட்டம் பணம் ஒதுக்குகிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது அந்தக் கணக்கில் எளிதில் சேராது. வீடு, பள்ளி, விமான ஓடுதளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகத்தில் நிதி கேட்க வேண்டியிருந்தது.