காலநிலைச் சட்டம் உங்கள் வாசலுக்கு எப்படி வரும்? கேட்டவர்களுக்குப் பதில்

நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை. இரண்டு வாரமாக வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாரிஸ் ஒப்பந்தம் என்பது நாடுகளுக்கு இடையிலானது. அதில் எங்கள் கம்பெனி கையெழுத்துப் போடவில்லையே. எங்களை அது எப்படிக் கட்டுப்படுத்தும்?

நேரடியாகக் கட்டுப்படுத்தாது. புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்தச் சொல்லி 2015 பாரிஸ் ஒப்பந்தம் நாடுகளைத்தான் கேட்கிறது. ஆனால் நாடு கொடுத்த வாக்கை நிறைவேற்றப்போவது யார்? ஆலைகளும் வங்கிகளும் போக்குவரத்து நிறுவனங்களும்தானே. அதனால் ஒவ்வொரு நாடும் அந்தப் பொறுப்பைத் தன் சட்டத்தின் வழியே கீழே இறக்குகிறது. பாரிஸுக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம் 2005-லேயே நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆலை வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு ஒப்படைக்க வேண்டும். தவறினால் டன்னுக்கு 100 யூரோவும் அதற்கு மேல் விலைவாசிக்கேற்ப ஏறிய தொகையும் அபராதம். அபராதம் கட்டிவிட்டதால் சீட்டுக் கடன் தீர்ந்துவிடாது, அதையும் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

ஆனால் என் அனுபவத்தில், நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் முதலில் அதிகாரியின் உருவத்தில் வருவதில்லை. பெரிய வாடிக்கையாளரிடமிருந்தோ வங்கியிடமிருந்தோ ஒரு கடிதமாக வருகிறது. 'உங்கள் உமிழ்வுக் கணக்கை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள்' என்ற ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் எங்கோ ஒரு நாட்டின் சட்டம் நிற்கிறது.

கேள்வி: போல்ட், நட் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். எல்லைக் கார்பன் வரி வந்துவிட்டது, இனி நாமும் கட்ட வேண்டும் என்கிறார்கள். எங்கள் பட்டறையில் புகையே கிடையாது, எல்லாம் மின்சார இயந்திரம். எங்களுக்கும் பொருந்துமா சார்?

பொருந்தும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் ஐந்தாறு பேர் எழுதியிருந்தீர்கள்.

எல்லைக் கார்பன் வரி என்பது, ஐரோப்பாவுக்குள் வரும் பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்காக வாங்கும் தொகை. முதலில், அந்தத் தொகையைக் கட்டுவது நீங்கள் இல்லை, ஐரோப்பாவில் உங்களிடம் வாங்குகிற இறக்குமதியாளர். சிமென்ட், இரும்பு உருக்கு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இந்த ஏற்பாட்டுக்குள் வருகின்றன. உருக்கு போல்ட்டும் நட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து 2025 முடியும்வரை அறிக்கை மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து இறங்கும் சரக்குக்குப் பணமும் கட்ட வேண்டும். ஆனால் ஒரேயடியாக முழுப் பாரமும் இறங்காது. 2026-ல் 2.5 சதவீதத்தில் தொடங்கி, 2030-ல் 48.5 சதவீதமாகி, 2034-ல்தான் முழுதாகிறது. ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்கு மேல் இப்படிப்பட்ட சரக்கு இறக்காத சிறு இறக்குமதியாளருக்கு விலக்கும் உண்டு. ஆகவே உங்களிடம் வாங்குபவர் எவ்வளவு இறக்குகிறார் என்று முதலில் கேளுங்கள்.

இப்போது உங்கள் பட்டறையில் புகை இல்லை என்ற விஷயம். கணக்கில் வருவது உங்கள் பட்டறையின் புகை மட்டும் இல்லை. நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளை உருக்கிய ஆலையின் புகையும் உங்கள் போல்ட்டோடு சேர்ந்து கப்பலேறுகிறது. உண்மையில் பெரும்பங்கு அதுதான். நிலக்கரி எரியும் ஊதுலையில் செய்த உருக்கு என்றால் டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் பொதுவாக 1 டன்னுக்கும் குறைவு. இரண்டு சுருளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆலையிடமிருந்து வாங்கும் கணக்குத் தாளில்தான் வித்தியாசம் தெரியும். அந்தத் தாள் உங்களிடம் இல்லையென்றால், ஐரோப்பிய ஆணையம் தானாக ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில்தான் வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் கணக்கில்லாமல் நிற்கும்போது, நீங்கள் மின் உலைச் சுருளுக்கு மாறி, சரிபார்த்த எண்ணோடு போனால், வாங்குபவருக்கு நீங்கள்தான் மலிவு. உங்கள் நாட்டில் கார்பனுக்கு ஏற்கெனவே விலை கட்டியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ள இடம் உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கார்பன் செலவு யார் தலையில் என்று எழுத்தில் போடுங்கள். 'சட்ட மாற்றத்தால் வரும் கூடுதல் செலவு விற்பவருடையது' என்று ஒரு வரி பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை. ஸ்கோப் 1, 2, 3 என்கிறார்களே, ஒரு வரியில் சொல்ல முடியுமா?

உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: நீங்களே எரிப்பது 1. வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிவது 2. நீங்கள் வாங்கும் பொருளிலும் விற்ற பொருளைப் பிறர் பயன்படுத்துவதிலும் எரிவது 3. பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்றாவதுதான் மலை. பன்னாட்டு நிலைத்தன்மைத் தர வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட காலநிலை அறிக்கைத் தரமும் மூன்றையும் கேட்கிறது. பல நாடுகள் அதைத் தங்கள் சட்டத்துக்குள் கொண்டுவருகின்றன.

கேள்வி: எங்கள் பொட்டலத்தில் 'கார்பன் நடுநிலைப் பொருள்' என்று அச்சிட விளம்பரக் குழு ஆசைப்படுகிறது. கார்பன் வரவுகள் (வேறெங்கோ குறைத்த உமிழ்வுக்கான சான்றுகள்) வாங்கியிருக்கிறோம். போடலாமா?

வேண்டாம். இந்தப் பதிலில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த நுகர்வோர் நெறிமுறை, வெளியில் வாங்கிய வரவுகளைக் காட்டி ஒரு பொருளை 'நடுநிலை', அதாவது காலநிலைக்குப் பாதிப்பில்லாதது, என்று சொல்வதையே தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அமல். 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கேஎல்எம் விமான நிறுவனத்தின் பசுமை விளம்பரங்களை ஆராய்ந்து, 19-ல் 15 வாசகங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துவன என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் மெர்சர் ஓய்வூதிய நிதிக்கு 1.13 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். நிலக்கரி போன்ற தொழில்களில் பணம் போடமாட்டோம் என்று சொல்லி முதலீட்டுத் திட்டத்தை விற்றார்கள், உள்ளே பார்த்தால் அந்தப் பங்குகள் இருந்தன.

இந்த வழக்குகளில் எவரும் புதிதாக ஒரு காலநிலைச் சட்டத்தைத் தேடிப் போகவில்லை. பொய் விளம்பரம் கூடாது என்ற பழைய சட்டமே போதுமானதாக இருந்தது. எனவே 'எங்கள் நாட்டில் கார்பன் சட்டமே இல்லை' என்ற நிம்மதி இங்கே செல்லாது. பொட்டலத்தில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், செய்ததை எண்ணோடு சொல்லுங்கள்: எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, எதில், எவ்வளவு குறைத்தீர்கள் என்று. விளம்பரக் குழுவுக்கு அது கவர்ச்சியாக இருக்காதுதான். ஆனால் கேள்வி வந்தால் தாங்கும்.

கேள்வி: உமிழ்வுக்காக ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு யாராவது ஜெயித்திருக்கிறார்களா? பயமுறுத்துகிறார்களா, உண்மையா?

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன், நீங்களே எடை போடுங்கள்.

2021 மே மாதம் நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம், 2019 அளவோடு ஒப்பிட்டு 2030-க்குள் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தலைப்புச் செய்தி 'ஷெல் வென்றது' என்பதுதான். ஆனால் தீர்ப்பின் உள்ளே போனால், உமிழ்வைக் கட்டுப்படுத்தும் கடமை அந்த நிறுவனத்துக்கு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இத்தனை சதவீதம் என்று ஒரு தனி நிறுவனத்துக்கு நிர்ணயிக்க அடிப்படை இல்லை என்பதுதான் ரத்துக்குக் காரணம்.

அடுத்தது ஜெர்மனியில். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையடிவாரத்து விவசாயி ஒருவர், பனிப்பாறை உருகிப் பெருகும் ஏரியால் தன் வீட்டுக்கு ஆபத்து என்று ஆர்டபிள்யூஇ மின் நிறுவனத்தின் மேல் 2015-ல் வழக்குத் தொடுத்தார். உலக உமிழ்வில் உன் பங்கு 0.47 சதவீதம், பாதுகாப்புச் செலவிலும் அதே பங்கைக் கொடு என்பதே கோரிக்கை. கேட்ட தொகை ஏறக்குறைய 17,000 யூரோ. பத்து ஆண்டு நடந்து 2025 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது, அவர் வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற காரணத்தால். ஆனால் பெரிய உமிழ்வாளர்கள் எல்லை தாண்டிய பாதிப்புக்கும் பொறுப்பாகலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றது.

எனக்கு அந்த விவசாயியை நினைத்தால் மனம் கனக்கிறது. அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் திறந்த கதவு திறந்தபடியே இருக்கிறது, இன்னும் வலுவான ஆதாரத்தோடு அடுத்தவர் வரலாம். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்தும், தனியார் உமிழ்வை ஒழுங்குபடுத்துவது அரசின் கடமைக்குள் வரும் என்கிறது. ஆகவே 'இதுவரை யார் ஜெயித்தார்கள்' என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். வழக்கு நடத்தும் செலவும், பத்து ஆண்டு தலைக்கு மேல் தொங்கும் கவலையும், காப்பீட்டாளர் கேட்கும் கேள்விகளும் ஜெயித்தவருக்கும் உண்டு.

கேள்வி: ஓய்வூதிய நிதியின் அறங்காவலர் நான். காலநிலை எங்கள் துறை இல்லையே?

ஆஸ்திரேலியாவில் ரெஸ்ட் என்ற ஓய்வூதிய நிதியின் இளம் உறுப்பினர் ஒருவர் 2018-ல் இதே விஷயத்துக்காகத்தான் நீதிமன்றம் போனார். காலநிலை ஆபத்தைப் பற்றி நிதி என்ன யோசித்திருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லவில்லை என்பது புகார். 2020 நவம்பரில் சமரசம் ஆனது. காலநிலை மாற்றம் ஒரு நிதி ஆபத்து என்று அந்த நிதியே ஒப்புக்கொண்டது. உங்கள் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். கடந்த ஓராண்டில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

கேள்வி: எல்லாம் ஆபத்தாகவே பேசுகிறீர்கள். வாய்ப்பு என்பது நிஜமா, ஆறுதல் வார்த்தையா?

நிஜம்தான். ஆனால் அதற்கும் ஓர் ஆபத்து உண்டு.

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை நிகர சுழிய இலக்கை (வெளியிடும் உமிழ்வும் நீக்கும் உமிழ்வும் சமமாவதை) சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது, 2022-ல். 2023 ஏப்ரலிலிருந்து பெரிய ஒப்பந்தம் எடுப்பவர்கள் கார்பன் குறைப்புத் திட்டத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அது இல்லாதவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பயனில்லை. திட்டத்தை ஒழுங்காகத் தயார் செய்த சின்ன விநியோகஸ்தருக்கு இது பெரிய திறப்பு.

மின்சாரக் கார் செய்யும் டெஸ்லாவைப் பாருங்கள். மற்ற கார் கம்பெனிகள் உமிழ்வு விதியை எட்ட முடியாமல் இவர்களிடம் மிஞ்சியிருந்த உமிழ்வு வரவுகளை வாங்கின. 2020-ல் அப்படி வந்தது 158 கோடி டாலர். அந்த ஆண்டு அவர்களின் மொத்த நிகர லாபமே 72 கோடி டாலர் அளவுதான். சட்டம் கொடுத்த லாபம் அது. 2025-ல் அமெரிக்கா எரிபொருள் சிக்கன விதிமீறலுக்கான அபராதத்தைச் சுழியமாக்கியது. அபராதம் இல்லையென்றால் அந்த வரவை யார் வாங்குவார்கள்?

ஸ்பெயினில் இன்னும் கடுமை. 2007-ல் சூரிய மின்சாரத்துக்குத் தாராளமான விலையை உறுதியளித்தார்கள். பணம் குவிந்தது. பிறகு 2013-ல் அந்த ஏற்பாட்டையே கலைத்தார்கள். முதலீட்டாளர்கள் டஜன் கணக்கில் பன்னாட்டு நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். அதனால் என் பழக்கம் இது: மானியத்தை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அப்போதும் நிற்கிற தொழிலில் இறங்குங்கள். மானியம் வந்தால் கூடுதல்.

கேள்வி: ஐயா, எங்கள் விவசாயிகள் சங்கத்திடம் ஒரு தரகர் வந்திருக்கிறார். மரம் வைத்தால் கார்பன் வரவு விற்றுத் தருகிறேன், 30 ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள் என்கிறார். போடலாமா?

இந்த வாரம் போடாதீர்கள். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டும்வரை யாரும் கையெழுத்திட வேண்டாம் என்று உறுப்பினர்களிடம் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியவை பல. மரம் உங்களுடையது, சரி, மரத்தில் சேரும் கார்பனின் உரிமை யாருக்கு? நிலத்தை விற்றாலோ பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலோ ஒப்பந்தம் அவர்களையும் கட்டுமா? தீயிலோ புயலிலோ மரங்கள் போனால், ஏற்கெனவே விற்ற வரவுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? அளவிடும் செலவும் சரிபார்ப்புச் செலவும் கழித்த பிறகு பங்கா, கழிக்கும் முன்பா? இந்த ஒரு சொல்லில் உங்கள் வருமானம் பாதியாகிவிடலாம். வரவு வெளிநாட்டு அரசின் இலக்குக்காக விற்கப்படுகிறது என்றால், பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-வது பிரிவின்படி உங்கள் அரசின் அனுமதியும் வேண்டும். ஏனென்றால் அந்தக் குறைப்பை உங்கள் நாடு தன் கணக்கில் காட்ட முடியாமல் போகும்.

நல்ல திட்டங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. நல்ல தரகர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

கேள்வி: பல நாடுகள் இந்தச் சட்டங்களைத் தளர்த்துகின்றனவே. காத்திருந்து பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லையா?

தளர்வது உண்மை. ஐரோப்பிய ஆணையமே 2025 பிப்ரவரியில் தன் நிலைத்தன்மை அறிக்கை விதிகளைச் சுருக்க முன்மொழிந்தது. அமெரிக்க மத்திய அரசு பின்வாங்குகிறது. ஆனால் அதே அமெரிக்காவில் கலிபோர்னியா 2023-ல் சட்டம் போட்டு, அங்கே தொழில் செய்யும், 100 கோடி டாலருக்கு மேல் வருவாயுள்ள நிறுவனங்களிடம் உமிழ்வுக் கணக்கு கேட்கிறது. ஒரு தலைநகரில் தளர்ந்தால் இன்னொரு இடத்தில் இறுகுகிறது. பல நாட்டில் விற்பவருக்கு இறுக்கமான விதிதான் கடைசியில் விதி.

அதோடு, வெள்ளமும் வெப்பமும் எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருப்பதில்லை. கலிபோர்னியாவின் பிஜி அண்ட் இ மின் நிறுவனம் 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது காட்டுத் தீ இழப்பீடுகளால். மின்கம்பியிலிருந்து தீ கிளம்பினால் கவனக்குறைவை நிரூபிக்காமலே சொத்து இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்பது அங்கே பழைய சட்டக் கோட்பாடு. காடு வறண்டு காய்ந்தபோது அந்தப் பழைய கோட்பாடே கம்பெனியைச் சாய்த்தது.

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனம். ஆலோசகருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

ஓராண்டு மின்கட்டண ரசீது, டீசல் ரசீது, எரிவாயு ரசீது. இவற்றை ஒரு தாளில் மாதவாரியாக ஏற்றுங்கள். உங்கள் முதல் இரண்டு ஸ்கோப்பும் அநேகமாக அதிலேயே முடிந்துவிடும். பிறகு அதிகம் செலவிட்டு வாங்கும் மூன்று மூலப்பொருள்களை எடுத்து, விற்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி உமிழ்வுக் கணக்கு கேளுங்கள். பாதிப்பேர் பதில் போடமாட்டார்கள். அனுப்பிய கடிதத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள், நாளை யாராவது கேட்டால் நீங்கள் முயன்றதற்கு அதுவே சான்று. அந்தத் தாளை நிரப்பும்போது எந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பவர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.