வீட்டைச் சுற்றி மரமே இல்லை, மகனின் கவனத்தை அது பாதிக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. சென்னையில், பஸ் போகும் சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம்கூடத் தெரியாது. அவனுக்குப் பாடத்தில் கவனமே இல்லை என்கிறார் வகுப்பாசிரியை. பசுமைக்கு நடுவே வளரும் பிள்ளைகளின் மூளை நன்றாக வளரும் என்று படித்தேன். வீடு மாற்ற வேண்டுமா டாக்டர்?

பதில்: அதற்காக வீடு மாற்ற வேண்டாம் அம்மா. ஆனால் நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. பார்சிலோனாவில் 7 முதல் 10 வயதுள்ள 2,593 பிள்ளைகளை ஓராண்டு கவனித்தார்கள். ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பள்ளியிலும் அதைச் சுற்றியும் பசுமை அதிகமிருந்த பிள்ளைகளுக்குச் செயல்நினைவு கூடுதலாக வளர்ந்தது, கவனச் சிதறல் கூடுதலாகக் குறைந்தது. 27-உடன் 15-ஐக் கூட்டும்போது '2 போட்டு, மனசில் 1' என்கிறோமே, அந்த 1-ஐ நழுவவிடாமல் வைத்திருப்பதுதான் செயல்நினைவு. இந்தப் பலனில் ஒரு பங்கு, அங்கே வாகனப் புகை குறைவாக இருந்ததால் வந்தது. அதனால்தான் புகை அடிக்கும் பால்கனியில் நாலு தொட்டி வைப்பது மரத்தடிக்கு ஈடாகாது என்கிறேன்.

பள்ளி விட்டு வந்து ஏதாவது சாப்பிட்டதும், டியூஷனுக்கு முன்பு, பெரிய சாலையிலிருந்து தள்ளி இருக்கும் பூங்காவுக்கு அவனைத் தினமும் அரை மணி நேரம் கூட்டிப் போங்கள். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பூங்காவில் 20 நிமிட நடைக்கே பலன் தெரிந்தது; கடைவீதியில் நடந்தபோது அந்த அளவுக்கு இல்லை. பல வீடுகளில் இது வீணாவது எங்கே தெரியுமா? பெஞ்சில் உட்கார்த்திக் கையில் போனைக் கொடுப்பதில், அல்லது அங்கேயும் வாய்ப்பாடு கேட்பதில். புங்க மரத்தில் எறும்புச் சாரை ஏறுவதைக் குந்தி உட்கார்ந்து பார்க்கிறான் என்றால் அப்படியே விடுங்கள். வகுப்பில் இழுத்துப் பிடித்த கவனம் அந்த நேரத்தில்தான் ஓய்வெடுக்கிறது. டெங்கு கொசு பகலில் கடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

பூங்காவை மட்டும் நம்பியும் இருந்துவிடாதீர்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையையும் 'கவனமில்லை' என்றுதான் சொல்வார்கள். இந்த வாரமே கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அதற்குச் சிகிச்சை வேண்டும். இரவில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும், வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேல் இதே நிலை என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது ஆசிரியை கவனித்ததை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.