5 லட்சத்தில் வேலூர்ப் பக்கமே நாலு பள்ளி நண்பர்கள் விளையாட்டுப்போக்கில் ஒருவனைச் சாகடிக்கும் திகில் படம் எடுக்க முடியுமா? பேய் மேக்கப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது?

முடியும். பேய் மேக்கப்புக்கு ஒதுக்கிய காசை அப்படியே ஒலிக்குத் திருப்பிவிடுங்கள். நாலு கூட்டாளிகள் விளையாட்டாக ஆரம்பித்து ஒருவனைச் சாகடிக்கும் வரை போகிறார்கள் என்கிறீர்கள். அந்தக் கதையில் பயமுறுத்த வேண்டியது அந்தப் பசங்களின் சிரிப்புதான். உங்களிடம் ஒரு மிரர்லெஸ் கேமராவும் மே மாத லீவும் மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அவன் சாகிற கிணற்று மேட்டுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். செருப்பைப் பிடுங்கித் தூக்கிப்போட்டு விளையாடுகிறார்கள், ஒருவன் பின்னால் நகர்ந்து விழுகிறான். விழுகிறவனைக் காட்டாதீர்கள். கேமரா மற்ற மூவர் முகத்தில் இருக்கட்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு விநாடி சிரிப்பு நிற்கக் கூடாது. ஒருவன் வாய் மூடுகிறான்; இன்னொருவன் போனில் வீடியோ பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறான். வெட்டாமல் 40 விநாடி விடுங்கள், பார்ப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும். இந்த ஒரு காட்சிக்கே பல நாள் ஒத்திகை வேண்டும், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நம் பக்கத்து விவசாயக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. நடிகர்களைப் பத்தடி தள்ளி நிறுத்தி எடுத்து, கிணற்றைத் தனியாக எடுத்து ஒட்டுங்கள். சத்தத்துக்கு 20 கிலோ மணல் மூட்டையைக் கயிறு கட்டி உள்ளே போட்டு, மைக்கைப் பாதி ஆழம் இறக்கிப் பதியுங்கள்.

இரவு வெளிப்புறக் காட்சிகளில் அகல ஷாட்டுகளைச் சூரியன் மறைந்த 20 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நெருக்க ஷாட்டுகளுக்குப் பசங்க கையிலிருக்கும் போன் டார்ச்சே போதும். எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்தால் முகத்தின் மறுபக்கத்திலும் வெளிச்சம் விழும். கேமராவை விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று வைத்தால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

ஒலியில்தான் சின்ன படங்கள் விழுகின்றன. மே வெயிலில் வியர்வை இறங்கிக் காலர் மைக் கெட்டுப்போகும். மைக்ரோபோர் டேப்பால் ஒட்டி, டேக்குக்கு டேக் துடையுங்கள். வீட்டுக்குள் எடுத்தால் ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள்; வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் கிளம்பும்போது மறுபடி போட மறக்காது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் இடைவெளியை நிரப்ப உதவும். காட்பாடியில் ரயில் ஓயாது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா; அதையொட்டிக் குடியாத்தத்தில் தேதி வைக்காதீர்கள்.

அனுமதிக்கு வருவோம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் பாலாற்று மணலில் எடுப்பதென்றாலும் வாணியம்பாடி திருப்பத்தூரில், விரிஞ்சிபுரம் வேலூரில், வாலாஜா ராணிப்பேட்டையில் வரும். ஒரே மாவட்டத்துக்குள் முடித்தால் அலைச்சல் குறையும். வேலூர்க் கோட்டைக்குள் முக்காலி வைக்கக்கூட மத்தியத் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டும். மூடிக் கிடக்கும் தோல் பதனிடும் டேனரி கேமராவுக்கு அழகுதான், ஆனால் குரோமியம் கலந்த மண்ணில் யாரையும் படுக்கவைக்காதீர்கள்.

'பிள்ளைகளைக் கெட்டவர்களாகக் காட்டலாமா' என்று சண்டைக்கு வருவார்கள். கெடுதல் எங்கே தொடங்குகிறது என்று காட்டாமல் நட்பைப் பற்றி மட்டும் பாடினால் அது பொய். ஆனால் நடிப்பவர்கள் 18 முடிந்தவர்களாக இருக்கட்டும், மீசையை மழித்தால் பதினாறாகத் தெரிவார்கள். 14 வயதுக்குக் கீழ் என்றால் ஆட்சியர் அனுமதி, நாளுக்கு 5 மணி நேரம், தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தியேட்டருக்குப் போனால் 2024 திரைப்படத் தணிக்கை விதிகளின்படி யுஏ 16+ சான்றிதழ் கேட்டுப் பாருங்கள்.

ரத்தம் சுலபம். லிக்விட் குளுக்கோஸ் அரை கிலோ, வெந்நீர் 150 மில்லி, சிவப்பு ஃபுட் கலர், இரண்டு ஸ்பூன் கோகோ. ஈயும் எறும்பும் மொய்க்கும், கடைசி ஷாட்டுக்கு வையுங்கள். கறை பட்டால் மாற்ற ஒரே மாதிரி சட்டை மூன்று வேண்டும்.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. வட ஆற்காட்டில் நடக்கும் கதைக்கும் டப்பிங்கில் மதுரைத் தமிழைப் போட்டுவிடுகிறார்கள், நம் பேச்சு காமெடியனுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். மனசு எரிகிறது. 'இன்னாடா பண்ணிகினு கீற' என்று கூட்டாளியை அதட்டுகிற பையன் அதே வாயால் பயத்தையும் சொல்லட்டும். டப்பிங் சென்னையில் என்றாலும் நடித்த பசங்களையே பஸ் ஏற்றிக் கூட்டிப்போங்கள்.