உறுத்தாத சிந்த்-பாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். பழைய சிந்த்-பாப், அதாவது சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து அமைத்த பாப் பாட்டுகள் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் சில பாட்டுகள் தொடங்கியதுமே காதைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடிவிடுகிறான். சத்தத்தைக் குறைத்தாலும் பயனில்லை. எப்படித்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்பது? (ஒரு தாய், சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: சத்தத்தைக் குறைத்தும் ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, விடை அதிலேயே இருக்கிறது. அவனை விரட்டுவது ஒலியின் அளவு அல்ல, அது வந்து விழும் விதம். தம்புராவையும் தவிலையும் நினைத்துப் பாருங்கள். தம்புராவின் நாதம் எப்போது எழுந்தது என்றே தெரியாமல் பரவுகிறது. தவிலின் அடி ஒரே கணத்தில் உச்சிக்குப் போய்விடுகிறது. சிந்தசைசரால் இரண்டும் முடியும்.

1980களின் பாட்டுகளில் ஒரு வழக்கம் பரவியிருந்தது. டிரம் அடிக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைச் சேர்ப்பார்கள். அது தானாக அடங்குவதற்கு முன்பே கத்தரித்துவிடுவார்கள். கூச்சமுள்ள காதுக்கு அந்த அடி ஒரு வலி என்றால், அதன் பின்னால் சட்டென்று வரும் வெறுமை இன்னொரு வலி. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சிந்தசைசர் வந்தபின் மணியோசை போன்ற உலோக ஒலிகளும் எங்கும் நிறைந்தன. மனிதக் காது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். அந்த இடத்தில் உலோக ஒலி விழுந்தால் ஊசி குத்தியதுபோல் இருக்கும். அதற்கு முந்திய அனலாக் கருவிகளில் மேல் அலைவரிசைகளைச் சீவிவிடும் வடிகட்டி இருந்ததால் ஒலியை வேண்டிய அளவு மழுங்கலாக்க முடிந்தது. எனவே அந்தக் காலத்துப் பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள். ஓஎம்டி குழுவின் 'சூவனீர்' (1981) பாடகர் குழு ஒன்றின் குரல்களை நாடாவில் சுழலவிட்டு உருவானது. மூடுபனிபோல வந்து போகும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் 'கம்ப்யூட்டர் லவ்' (1981) பாட்டையும் வைத்துப் பாருங்கள்.

கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' (1974) 22 நிமிடங்களுக்கு மேல் ஓடும் நெடும்பயணம். அவனுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் தொடக்கத்திலேயே கார்க் கதவு சாத்தப்படும், எஞ்சின் உறுமும், ஹாரன் அடிக்கும். முதலில் நீங்கள் தனியாக முழுவதும் கேளுங்கள். திடுக்கிட வைக்கும் இடங்களை நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் எழுதி அவனிடம் காட்டுங்கள். எதிர்பாராமல் வந்தால் அழவைக்கும் ஹாரன், முன்பே தெரிந்திருந்தால் அவன் காத்திருந்து ரசிக்கும் இடமாகிவிடலாம். பல குழந்தைகளிடம் இதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குகிறது. ஒலி ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவும்போது தலை சுற்றுகிறது. (லெனேசியா)

பதில்: பாட்டுச் செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். தொலைபேசியின் அணுகல்தன்மைப் பகுதியில் 'மோனோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரு காதிலும் ஒரே ஒலி வரும், தாவல் நின்றுவிடும்.

கேள்வி: நான் தினமும் ஃபீனிக்ஸிலிருந்து டர்பன் நகருக்குப் பலர் சேர்ந்து போகும் டாக்ஸி வேனில் வேலைக்குப் போகிறேன். வண்டியில் க்கோம் என்ற மின்னணு நடன இசை அதிரும். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனில் என் பாட்டை வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் இறங்கும்போது உடம்பே சோர்ந்துவிடுகிறது. (வயது 24)

பதில்: க்கோம் நம் டர்பன் பெற்றெடுத்த இசை, தங்கையே. அதை நான் நேசிக்கிறேன். ஆனால் அதன் தாழ்ந்த அதிர்வு இருக்கை வழியாக நெஞ்சுக்குள் புகுகிறது. அதை எந்த ஹெட்ஃபோனாலும் தடுக்க முடியாது. நீங்கள் வேறொரு தாளமுள்ள பாட்டைப் போடும்போது உடம்பு ஒரு தாளத்தையும் காது இன்னொன்றையும் வாங்குகிறது. சோர்வுக்கு அதுவே காரணம் என்று எண்ணுகிறேன். நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' (1983) போல டிரம் அடியோடு தொடங்கும் பாட்டுகளை வீட்டுக்கு ஒதுக்குங்கள். டாக்ஸியில் தாளமே இல்லாத, நீண்டு படரும் சிந்தசைசர் இசை போதும்.

ஒலியளவிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கூடுதல் பாதுகாப்பு வேண்டியவர்களுக்கு அதுவே 75. வண்டியின் சத்தத்தை முந்துவதற்காக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். எந்நேரமும் மூடியே இருக்கும் காதுக்கு நாளடைவில் சாதாரண ஓசையும் பெரிதாகப்படும். காதில் வலியோ இரைச்சலோ நீடித்தால் செவித்திறன் நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: வீடியோவாகப் பார்க்கலாமா?

பதில்: ஒளிக்கும் கூச்சம் இருந்தால் வேண்டாம். இந்தப் பாட்டுகளின் காட்சிகளில் வெட்டி வெட்டி மின்னும் ஒளி அதிகம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, ஒளித்தூண்டல் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. திரையைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள்.

கேள்வி: டொங்காட்டில் சிறப்புக் கல்வி வகுப்பு நடத்துகிறேன். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் பத்துப் பாட்டுகள் சொல்வீர்களா?

பதில்: மன்னியுங்கள், சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை ஓடும் ஒலியை இன்னொரு குழந்தை தேடி வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரங்கில் இத்தகைய நிகழ்ச்சி நடத்தினேன். வாரக்கணக்கில் உட்கார்ந்து மென்மையான பாட்டுகளைத் தொகுத்திருந்தேன். அரங்கின் ஒலிபெருக்கியை இயக்கியவர் ஒலியளவைக் குறைக்காமலே பொத்தானை அழுத்த, 'டப்' என்று ஓர் ஓசை வெடித்தது. ஒரு சிறுமி அன்று முழுவதும் மேசைக்கு அடியிலிருந்து வரவே இல்லை. அதே அறையில் ஒரு பையன், மென்மை எதுவும் வேண்டாம் என்பதுபோல் ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைக் குடித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பட்டியல் போடுவதை விட்டேன். ஒலியளவுத் திருகையும் நிறுத்தும் பொத்தானையும் குழந்தையின் கையில் கொடுங்கள். நிறுத்தினால் ஏன் என்று கேட்காதீர்கள். வெளியேற ஒரு மூலையைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: நம் தென்னாப்பிரிக்கப் பாட்டில் ஒன்றும் இல்லையா? பேத்தியோடு கேட்க வேண்டும். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஏன் இல்லை, ஐயா! 1980களில் இங்கே 'பபிள்கம்' என்ற பெயரில் கீபோர்டும் டிரம் இயந்திரமும் சேர்ந்த பாட்டுகள் வெள்ளமாக வந்தன. பிரெண்டா ஃபாஸியின் 'வீக்கெண்ட் ஸ்பெஷல்' (1983) உங்களுக்கே நினைவிருக்கும். ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் அடுத்து என்ன வரும் என்பதை அவள் சீக்கிரம் பழகிக்கொள்வாள். முதல் நாள் பக்கத்து அறையில் ஒலிக்கவிட்டுக் கதவைப் பாதி திறந்து வையுங்கள். பிடித்திருந்தால் அவளே வருவாள்.