இருபது பேருக்கு அரிக்கவில்லை என்பது போதுமான சான்றா?

சிறிய அளவில் முகப்பூச்சு தயாரிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "புதிய நறுமண எண்ணெய் சேர்த்த கிரீமை இருபது பேர் ஒரு நாள் முழுவதும் கையில் தடவிப் பார்த்தார்கள். யாருக்கும் சிவப்போ அரிப்போ இல்லை. எண்ணெயை விற்றவரும் 'தோல் எரிச்சல் சோதனையில் தேறியது' என்று எழுதித் தந்திருக்கிறார். 'ஒவ்வாமை தராது' என்று உறையில் அச்சிடலாமா?"

அச்சிட வேண்டாம். எரிச்சலும் ஒவ்வாமையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உண்டாகும் வழி வேறு. எரிச்சல் என்பது பொருள் தோலை நேரடியாகப் புண்படுத்துவது. பெரும்பாலும் முதல் முறையே தெரிந்துவிடும். தொடு ஒவ்வாமையில், முதலில் படும்போது வெளியே எதுவும் தெரியாமல் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெரும்பாலும் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். அதன் பிறகு சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தடிப்பும் அரிப்பும் வரும். ஆகவே வீரியமான ஒவ்வாமைப் பொருள்கூட உங்கள் ஒருநாள் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். அந்த இருபது பேரில் சிலருக்கு ஒவ்வாமையின் முதல் படி அன்றே தொடங்கியிருக்கவும் கூடும் என்பதை நண்பர்களை வைத்துச் சோதிப்பவர்கள் யோசிப்பதில்லை.

ஆய்வகத்தில் சோதிப்பது அந்த முதல் படியைத்தான். நெடுங்காலம் இதற்குக் கினிப்பன்றிகளும் பின்னர் சுண்டெலிகளும் பயன்பட்டன. சுண்டெலியின் காதில் மூன்று நாட்கள் பொருளைத் தடவி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சில் செல்கள் பெருகும் அளவை, பொருள் தடவாத எலிகளோடு ஒப்பிடுவார்கள். பெருக்கம் மூன்று மடங்காவதற்கு எவ்வளவு செறிவு தேவைப்படுகிறது என்பதே பொருளின் வீரியத்துக்கு அளவுகோல். 2 சதவீதமோ அதற்குக் குறைவோ போதுமென்றால் அது வலுவான ஒவ்வாமைப் பொருள்.

இன்று விலங்கில்லாத முறைகள் ஒவ்வாமையின் படிகளைத் தனித்தனியே பார்க்கின்றன. பொருள் தோலின் புரதத்தோடு பிணைகிறதா என்பதை, சிஸ்டீன் அல்லது லைசீன் என்ற அமினோ அமிலம் கொண்ட பெப்டைடுடன், அதாவது சிறு புரதத் துண்டுடன், 24 மணி நேரம் கலந்து வைத்து அளக்கிறார்கள். தோலின் மேலடுக்குச் செல்கள் விழித்துக்கொள்கின்றனவா, செய்தியைச் சுமந்து செல்லும் எதிர்ப்புச் செல்கள் தூண்டப்படுகின்றனவா என்பவற்றை மனிதச் செல் வளர்ப்புகளில் பார்க்கிறார்கள். சோதனை முறைகளுக்குப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வெளியிடும் ஓஇசிடி (OECD) அமைப்பு 2021இல் வெளியிட்ட 497ஆம் வழிகாட்டுதலில் உள்ள ஒரு முறைப்படி, இம்மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அந்த முடிவை ஏற்கலாம். ஒரே ஒரு சோதனையின் 'இல்லை' என்ற விடையை நான் நம்புவதில்லை. சினமைல் ஆல்கஹால் என்ற நறுமணப் பொருள் தோலின் நொதிகளால் சினமால்டிஹைடாக மாறிய பிறகே புரதத்தோடு பிணைகிறது; அந்த நொதிகள் பெப்டைடுச் சோதனைக் குழாயில் இல்லை.

நறுமண எண்ணெய்களில் இதைவிடப் பெரிய சிக்கல் காற்று. பல எண்ணெய்களில் இயல்பாகவே உள்ள லிமோனீன், லினலூல் என்ற மணக்கூறுகள் புதிதாக இருக்கையில் அவ்வளவு தீங்கற்றவை. காற்றுப் பட்டு ஆக்சிகரணமடைந்தால் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகளே வலுவான ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஆய்வகத்துக்கு அனுப்பிய புதிய எண்ணெயும், ஆறு மாதம் திறந்து மூடிய உங்கள் புட்டியில் இருப்பதும் ஒரே பொருளல்ல. சிறிய புட்டிகளில் வாங்கி, நிரம்ப வைத்து, குளிர்ச்சியான இருட்டில் காப்பதும், திறந்த தேதியைப் புட்டிமேல் எழுதுவதும் உங்கள் கையில் உள்ளவை.

விற்றவரிடம் எரிச்சல் சோதனைத் தாளுக்குப் பதிலாகப் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள். இரண்டாம் பகுதியில் எச் 317 (H317) என்ற குறியீடு இருந்தால் அது ஒவ்வாமை எச்சரிக்கை. பதினோராம் பகுதியில் தோல் ஒவ்வாமைக்கு எந்தச் சோதனை, எந்தச் செறிவில் நடந்தது என்று பாருங்கள். 'தரவு இல்லை' என்றிருந்தால் அதைப் 'பாதுகாப்பானது' என்று படிக்கக் கூடாது. கலவைப் பொருளானால், ஒவ்வாமைக் கூறு குறியீடு இடவேண்டிய வரம்புக்குக் கீழே இருப்பதாலேயே குறியீடு விடுபட்டிருக்கலாம்.

கழுவாமல் விடும் கிரீமில் இன்னும் கவனம் வேண்டும். மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பதப்படுத்தி மிகக் குறைந்த அளவிலேயே பலருக்கு ஒவ்வாமை தந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்தது.

தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனை, ஏற்கெனவே ஒவ்வாமை வந்த ஒருவருக்குக் காரணத்தைக் கண்டறியவே. உங்கள் கிரீமுக்கு அது சான்றாகாது. அச்சிடும் இடத்தில் கூறுகளின் முழுப் பட்டியலைப் போடுங்கள். எது தமக்கு ஒவ்வாது என்று தெரிந்தவருக்கு அதுவே பயன்படும்.